முகமறியாக் காதலின் விலை

இணையவழிக் காதல் மோசடி பற்றிய செய்தி நாளிதழ்களில் வெளியாகும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. 'இவ்வளவு படித்தவர் இப்படியா ஏமாறுவார்?' என்பது ஒன்று. 'நேரில் பார்த்திராத ஒருவருக்கு யாராவது பணம் அனுப்புவார்களா?' என்பது மற்றொன்று. இரண்டுமே ஏமாந்தவரை நோக்கித் தொடுக்கப்படும் கேள்விகள் என்பது கவனத்துக்குரியது. ஏமாற்றியவர் யார், எங்கிருந்து பேசினார், எந்த வழியாகப் பணம் அவரைச் சென்றடைந்தது என்று கேட்போர் குறைவு.

படிப்பறிவு இம்மோசடியிலிருந்து காப்பாற்றும் என்பது பிழையான எண்ணம். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையத்திடம் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடி குறித்துப் புகார் அளித்தனர். அவர்கள் இழந்ததாகத் தெரிவித்த தொகை 130 கோடி டாலர். இழப்புகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் பறிகொடுத்தது 4,400 டாலர். பிரிட்டனில் மோனிகா விட்டி, டாம் புக்கானன் ஆகிய உளவியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் சுமார் 2,30,000 பேர் இதற்கு இரையாகியிருக்கலாம் என மதிப்பிட்டது. விட்டி 2018-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் நடுத்தர வயதுடைய, நன்கு கற்ற பெண்களாக இருப்பது தெரியவந்தது. ஆகவே விடையை அறியாமையில் தேடிப் பயனில்லை. அடையாள மறைப்பு என்னும் சூழல் மனித மனத்தை என்ன செய்கிறது என்பதில்தான் தேட வேண்டும்.

அடையாள மறைப்பை ஏமாற்றுபவர் போர்த்திக்கொள்ளும் முக்காடாக மட்டுமே நாம் பார்க்கிறோம். அது அவ்வளவுடன் நிற்பதில்லை. ஏமாற்றப்படுபவரின் மனத்துக்குள்ளும் அது வேலை செய்கிறது. எல்லாம் முடிந்த பிறகு, அவரையும் வெளியே தலைகாட்ட விடாமல் முடக்கிவிடுகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இத்தொழில் ஏன் இவ்வளவு லாபகரமாக நடக்கிறது என்பது புலப்படும்.

பொய்யின் விலை

பொருளியலில் 'தகவல் சமனின்மை' என்றொரு கருத்து உண்டு. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு இதை விளக்கினார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல வண்டி வைத்திருப்பவரும் 'நல்ல வண்டி' என்பார். ஓட்டை வண்டி வைத்திருப்பவரும் அதையேதான் சொல்வார். அதனால் வெறும் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. மெய்யானவருக்கு எளிதாகவும் பொய்யருக்குப் பெருஞ்செலவு வைப்பதாகவும் அமைந்த சான்றே நம்பத்தக்கது என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் காட்டினார். இவ்விருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நம் ஊர்களில் வரன் பார்க்கும் முறையை இக்கருத்தின் துணையோடு நோக்கலாம். மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் விசாரிப்பார்கள். தெருமுனைக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். தூரத்து உறவினர் யாரையாவது பிடித்து, 'குடும்பம் எப்படி?' என்று கேட்பார்கள். பொய் சொன்னது தெரிந்தால் தரகரின் பிழைப்புக் கெடும். குடும்பத்தின் பெயர் ஊரார் வாயில் விழும். ஒருவருடைய சொல்லுக்கு அவருடைய நற்பெயரே ஈடாக வைக்கப்பட்டிருந்தது. இம்முறையில் சாதியும் வரதட்சிணையும் பெண்ணின் விருப்பத்தைப் பொருட்படுத்தாத வழக்கமும் கலந்திருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பொய்க்கு அங்கே ஒரு விலை இருந்தது.

இணையத்தில் அந்த விலை ஏறக்குறைய இல்லாமற் போய்விட்டது. பெயர், வயது, படம், பணி ஆகிய நான்கையும் செலவின்றிப் புனைந்துகொள்ளலாம். பொய் அம்பலமானால் அந்தக் கணக்கை அழித்துவிட்டு வேறொரு பெயரில் அடுத்தவரைத் தேடிச் செல்லலாம். புனையப்படும் பணிகளையும் சற்றே ஆராய வேண்டும். நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில் பொறியாளர், வெளிநாட்டில் பணியமர்த்தப்பட்ட படைவீரர், சர்வதேச அமைப்பொன்றின் மருத்துவர் என்பவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இவை மதிப்புக்குரிய பணிகள் என்பதோடு, 'ஏன் நேரில் வரவில்லை?' என்ற கேள்விக்கான பதிலையும் தமக்குள்ளேயே கொண்டவை. முகம் காட்ட இயலாமை இங்கே ஐயத்துக்கு இடம் தராமல், தியாகத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது.

வெற்றிடத்தை நிரப்பும் மனம்

இதுவரை கண்டது ஏமாற்றுபவரின் கணக்கு. ஏமாற்றப்படுபவரின் மனத்தில் நிகழ்வது இதனினும் நுட்பமானது.

ரயில் பயணத்தில் அறிமுகமில்லாத சகபயணியிடம் குடும்பக் கவலைகளைக் கொட்டித் தீர்ப்பவர்கள் உண்டு. அடுத்த நிலையத்தில் அவர் இறங்கிவிடுவார், நம் ஊருக்கு அவர் வரப்போவதில்லை என்ற உறுதியே அந்தத் துணிவைத் தருகிறது. இணையத்தில் இது பன்மடங்காகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் இதனை 'இணையவழித் தடைநீக்க விளைவு' என்னும் பொருள்பட விவரித்தார். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாததால் அவருடைய சலிப்போ ஏளனமோ நம் கண்ணில் படுவதில்லை, நினைத்ததைச் சொல்லிவிடுகிறோம். அத்துடன், திரையில் வரும் சொற்களை நாம் நம் உள்மனத்தின் குரலிலேயே வாசிக்கிறோம். நாளடைவில் அந்த மனிதர் நம் மனத்துக்குள் வாழும் ஒரு பாத்திரமாகிவிடுகிறார். அவருக்குக் குரலையும் குணத்தையும் அளித்தது நாம்தான் என்பது நமக்கே தெரிவதில்லை.

தகவல்தொடர்பியல் அறிஞர் ஜோசப் வால்தர் 1996-இல் இதையொட்டிய மற்றோர் உண்மையை முன்வைத்தார். எழுத்துவழி உறவு நேருறவைவிடக் குறைந்த நெருக்கம் கொண்டது என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. சில சூழல்களில் அது நேருறவைவிட மிகுந்த நெருக்கத்தை உண்டாக்கும் என்றார் அவர். எழுதுபவர் தம் நல்ல பக்கத்தை மட்டும் தேர்ந்து காட்டலாம். யோசித்து, திருத்தி அனுப்பலாம். படிப்பவரோ, தெரிந்த சிலவற்றைக் கொண்டு தெரியாத பலவற்றைத் தம் விருப்பப்படி இட்டு நிரப்பிக்கொள்கிறார். நேரில் சந்தித்தால் பத்து நிமிடங்களில் தென்பட்டுவிடும் முரட்டுத்தனமும் சோம்பலும் எரிச்சலும் இங்கே தென்படுவதே இல்லை. எனவே, இத்தகைய காதலின் பெரும்பகுதியைப் படைத்தவர் பாதிக்கப்பட்டவரே ஆவார். தாமே படைத்ததன் மீது ஐயம் கொள்வது எவருக்கும் எளிதன்று.

இதற்கிடையே தகவல் சமனின்மையும் நாள்தோறும் பெருகுகிறது. கணவர் இறந்த ஆண்டு, பிள்ளைகள் இருக்கும் நாடு, ஓய்வூதியம், வங்கியில் உள்ள வைப்புத்தொகை, உடன்பிறந்தாரோடு உள்ள மனத்தாங்கல் என அனைத்தும் அன்பான உரையாடலின் ஊடே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றுகொண்டே இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து உண்மையான தகவல் ஒன்றுகூட வந்திருக்காது. ஒருவர் மனம்விட்டுப் பேசுகிறார், மற்றவர் குறிப்பெடுத்துக்கொள்கிறார்.

சிறு தொகையில் தொடங்கும் பெரும் இழப்பு

நேரில் பார்க்காதவருக்கு யாராவது லட்சக்கணக்கில் பணம் அனுப்புவார்களா என்ற கேள்விக்கு, 'முதல் நாளே அனுப்புவதில்லை' என்பதே விடை. ஜோனதன் ஃப்ரீட்மன், ஸ்காட் ஃப்ரேசர் ஆகியோர் கலிபோர்னியாவில் நடத்தி 1966-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. 'கவனமாக வண்டி ஓட்டுங்கள்' என்ற பெரிய, அழகற்ற பலகை ஒன்றை வீட்டின் முன்புறத்தில் நட அனுமதி கேட்டபோது 17 சதவீதத்தினரே இசைந்தனர். அதே பொருளில் ஒரு சிறிய அட்டையை வைக்க முன்னரே சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதத்தினர் இசைந்தனர். சிறியதற்கு இசைந்தவர், 'உதவுபவர்' என்ற பிம்பத்தைத் தம்மைப் பற்றி உருவாக்கிக்கொள்கிறார். பின்னர் அந்தப் பிம்பத்தைக் காப்பாற்றவே பெரியதற்கும் இசைகிறார்.

நம் நாட்டில் பரவலாக நடைபெறும் 'பரிசுப் பொட்டல' மோசடியில் இதன் ஒவ்வொரு படியையும் காணலாம். திருமணத் தகவல் தளத்திலோ சமூக ஊடகத்திலோ அறிமுகமாகும் வெளிநாட்டு 'மருத்துவர்' சில வாரங்களுக்குப் பின் விலையுயர்ந்த பரிசு அனுப்பியதாகச் சொல்வார். அடுத்து, சுங்கத்துறையிலிருந்து பேசுவதாக ஒரு பெண்குரல் ஒலிக்கும். பொட்டலத்தை விடுவிக்கச் சில ஆயிரம் கட்ட வேண்டும். கட்டியதும், உள்ளே வெளிநாட்டுப் பணம் இருப்பது தெரியவந்துவிட்டதாகவும் அபராதம் செலுத்தாவிட்டால் வழக்குப் பாயும் என்றும் மிரட்டல் வரும். ஆசையில் தொடங்கியது இங்கே அச்சமாக மாறும். ஏற்கெனவே கட்டிய பணம் வீணாகிவிடக் கூடாதே என்ற தவிப்பு அடுத்த தொகையைக் கட்ட வைக்கும். மீட்க முடியாத செலவை மீட்கும் பொருட்டு மேலும் செலவழிக்கும் இந்த இயல்பு தேர்ந்த முதலீட்டாளர்களிடமும் நாடாளும் அரசுகளிடமும்கூட உண்டு. சந்திப்பு இதோ அடுத்த வாரம், இந்த ஒரு தடை மட்டும் நீங்கினால் போதும் என்று, வெற்றியை எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே நிறுத்தி வைப்பது இவர்களின் உத்தி என்பதை விட்டியின் ஆய்வுகளும் சுட்டுகின்றன.

கதை இவ்வளவு நம்ப முடியாததாக இருக்கிறதே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வியக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மக் ஹெர்லி 2012-இல் நைஜீரிய மின்னஞ்சல் மோசடிகளை ஆராய்ந்து இதற்கொரு விளக்கம் தந்தார். ஏமாறாதவர்களிடம் வாரக்கணக்கில் பேசுவது மோசடிக்காரருக்கு நட்டம். கதை சற்றே அபத்தமாக இருந்தால் ஐயுறுபவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிடுவார்கள். நம்பக்கூடியவர்கள் மட்டும் எஞ்சுவார்கள். அந்த அபத்தம் ஒரு சல்லடை. 'நான் ஒருபோதும் ஏமாந்திருக்க மாட்டேன்' என்று சிரிப்பவர், அந்தச் சல்லடையில் தாம் கழிக்கப்பட்டதையே தம் அறிவுக்குச் சான்றாகக் கொள்கிறார். அவருடைய தனிமையும் நெருக்கடியும் அறிந்து நெய்யப்பட்ட வேறொரு கதை இன்னும் அவரை வந்தடையாமல் இருக்கலாம்.

ரகசியம் யாருடையது?

மோசடிக்காரருக்குத் தேவையான எல்லாவற்றிலும் முதன்மையானது ரகசியம். 'நம் உறவைப் பற்றி இப்போது யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்ற வேண்டுகோள் ஏதோ ஒரு கட்டத்தில் வரும். மூன்றாவது மனிதர் ஒருவருக்குத் தெரிந்தால் அரை மணி நேரத்தில் கலைந்துவிடக்கூடிய கதை அது. ஆனால், பல நேரங்களில் அந்த வேண்டுகோளுக்கே தேவை ஏற்படுவதில்லை. ரகசியத்தை நம் சமூகமே முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

ஐம்பது வயதில் கணவரை இழந்த ஒரு பெண் தனக்கு ஒரு துணை வேண்டும் என்று மகனிடமோ தமக்கையிடமோ நம் வீடுகளில் சொல்ல முடியுமா? மணமுறிவு பெற்றவர், மனைவியை இழந்த முதியவர், வரன் அமையாமல் நாற்பதை நெருங்கும் ஆண் ஆகியோர் தம் தனிமையைப் பற்றிப் பேச வாய்த்த இடம் எது? அடையாளம் மறைத்துப் பேசக் கிடைத்த இடம் இவர்களுக்கு ஒரு விடுதலை. அந்த விடுதலை பொய்யானதன்று. அதன் வழியே நல்ல துணையை அடைந்தவர்களும் உண்டு. யாருக்கும் தெரியாமல் தேட வேண்டிய நிலைக்கு நாம் அவர்களைத் தள்ளியதால்தான், யாருக்கும் தெரியாமலேயே இழக்கவும் நேர்கிறது.

இழப்புக்குப் பின்னரும் இதே நிலைதான். பாதிக்கப்பட்டவர்கள் பணத்தை மட்டுமல்லாமல் உறவையும் இழக்கிறார்கள் என்றும், பலருக்கு இரண்டாவதே பெரிய துயரமாக அமைகிறது என்றும் விட்டியும் புக்கானனும் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவர் இறந்தால் துக்கம் விசாரிக்க நான்கு பேர் வருவார்கள். ஒருபோதும் இருந்திராத ஒருவரை இழந்தவருக்கு ஆறுதல் சொல்ல எவரும் வருவதில்லை. கேலி பேசத்தான் வருகிறார்கள். அதற்கு அஞ்சி அவர் வாய்மூடிவிடுகிறார். புகார் வராத குற்றத்தில் குற்றவாளிக்கு ஆபத்தில்லை. அவர் அடுத்தவரிடம் அதே கதையைச் சொல்லலாம். பொருளியல் மொழியில் சொன்னால், நம்முடைய ஏளனம் அந்தத் தொழிலுக்கு நாம் அளிக்கும் மானியம்.

காதலில் தொடங்கிப் போலி முதலீட்டில் முடியும் மோசடிக்கு, 'பன்றியைக் கொழுக்கவைத்து அறுத்தல்' என்று பொருள்படும் சீனச் சொல் ஒன்று உலகெங்கும் பரவியிருந்தது. பாதிக்கப்பட்டவரை இழிவுபடுத்தும் அச்சொல் அவர்களைப் புகார் அளிக்க விடாமல் தடுக்கிறது எனக் கூறி, அதைக் கைவிடுமாறு இன்டர்போல் 2024 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. சொல் தேர்வுகூட குற்றத்தடுப்பின் ஒரு பகுதி என்பதை உணர்ந்த முடிவு அது.

திரைக்கு அப்பால் இருப்பவர்

எதிர்முனையில் இருப்பவரைப் பற்றியும் ஒரு சொல். ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடிகளில் ஈடுபடுமாறு வற்புறுத்தி அடைத்துவைக்கப்பட்டிருக்கலாம் எனத் தெரிவித்தது. கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்று, கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவர்கள் அவர்களில் பலர். மியான்மரின் மியாவதி பகுதியில் இவ்வாறு சிக்கியிருந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022-இல் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து விமானப்படை விமானங்களில் அழைத்துவரப்பட்டனர்.

நம் பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் அடிக்கு அஞ்சி, எழுதிக் கொடுக்கப்பட்ட காதல் வசனங்களை முகமறியாத ஒரு பெண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கலாம் என்பது நெஞ்சைக் கனக்கச் செய்யும் உண்மை. அந்தத் திரையின் இருபுறமும் ஏமாற்றப்பட்டவர்களே இருந்திருக்கிறார்கள். லாபம் பெற்றவர் இருவர் கண்ணுக்கும் தெரியாத மூன்றாமவர்.

செய்யத்தக்கவை

இணையத்தில் அடையாள மறைப்பையே ஒழித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். தென்கொரியா 2007-இல் பெரிய இணையதளங்களில் உண்மைப் பெயர்ச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. 2011-இல் அங்கு ஒரு பெரும் நிறுவனத்தின் தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடு போயின. 2012-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அச்சட்டப்பிரிவைச் செல்லாது என அறிவித்தது. போலி அடையாளங்கள் திருடப்பட்ட உண்மை அடையாளங்களிலிருந்தே உருவாகின்றன என்பதை மறக்கலாகாது.

காதல் முகமின்றி நடக்கலாம். பணம் அவ்வாறு நகர முடியாது. நம் நாட்டில் அது ஏதேனும் ஒரு வங்கிக் கணக்கில் இறங்கியே தீர வேண்டும். பிறர் பெயரில் வாடகைக்கு எடுக்கப்படும் கணக்குகளே இத்தொழிலின் உயிர்நாடி. எனவே, தடுப்புக்கான பொறுப்பும் அங்கேதான் அழுந்த வேண்டும். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இவ்வாறு ஏமாற்றப்பட்டு அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித்தர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்தச் செலவை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாக ஏற்க வேண்டும். யாரால் தடுக்க முடியுமோ அவர் மீது இழப்பின் சுமையை வைத்தால் அவர் தடுக்க முனைவார் என்பது பொருளியலின் பால பாடம். இங்கும் இத்தகைய பொறுப்பேற்பு பற்றி ரிசர்வ் வங்கி ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆளே அகப்படாதபோது தண்டனையின் அளவு எவரையும் அச்சுறுத்தாது.

தனிமனிதர்கள் கைக்கொள்ளத்தக்க சோதனைகளும் உண்டு. காணொலி அழைப்பில் முகம் தெரிந்தால் போதும் என்று முன்பு சொல்லப்பட்டது. ஹாங்காங் காவல்துறை 2024 அக்டோபரில் கைது செய்த 27 பேர் கொண்ட கும்பல், செயற்கை நுண்ணறிவால் புனைந்த முகங்களைக் காட்டி 4.6 கோடி டாலர் பறித்ததாகத் தெரியவந்தது. ஏமாந்தவர்களில் இந்தியர்களும் இருந்தனர். ஆகவே திரையில் தெரியும் முகம் இனிச் சான்றாகாது. பொது இடத்தில் நேர்ச் சந்திப்பு, இருவருக்கும் தெரிந்த ஒருவரின் சொல் ஆகியவையே புனைவதற்குக் கடினமான சான்றுகள். சுங்கத்துறை தனிநபர் கணக்கில் பணம் கேட்பதில்லை. அதன் கடிதங்களில் இருக்கும் ஆவண அடையாள எண்ணை அத்துறையின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் என்ற பேச்சு எழுந்த அன்றே, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் முழுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். உண்மையான அன்பு அந்த ஒருவரைக் கண்டு அஞ்சாது.

அந்த ஒருவராக இருக்கும் தகுதி நமக்கு உண்டா என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் 1930 என்ற எண்ணுக்குத் தகவல் தெரிவித்தால், அது அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. எனவே, நம் வீட்டுப் பெண்ணோ பெரியவரோ தயங்கித் தயங்கி இப்படி ஒன்றைச் சொல்ல நேர்ந்தால், 'எப்படி ஏமாந்தீர்கள்?' என்ற கேள்வியை விழுங்கிவிடுவோம். 'பணம் எப்போது அனுப்பினீர்கள்?' என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).